மாப்பிள்ளை துடைத்த தரை

என் மாமியார் என்னிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். கோபமெல்லாம் இல்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் அந்த வயதுப் பெண்கள் மருமகனிடம் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வார்கள், அது மருமகன் காதில் விழுந்துவிடும். எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நான் பன்னிரண்டு வருடம் சவுதியில் இருந்ததால் இந்த வழக்கம் எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, பிரியாணியும் மீன் குழம்புமாகத் தின்றுவிட்டு, அழுக்குத் துணியைக்கூடத் தொடாமல் திரும்பிப் போவேன். போன வருடம் வேலை முடிந்து ஒரேயடியாக வந்து இறங்கிய பிறகுதான், இந்த வீட்டில் ஓர் ஆணியடிக்கக்கூட யாரையாவது கேட்க வேண்டும் என்பது புரிந்தது.

இந்த நிலைமையில் நான் ஒரு பூனையைக் கொண்டுவந்தேன். எவனுக்காவது புத்தியிருந்தால் செய்வானா?

மகள்தான் கேட்டாள். ஒன்பது வயது. என்னைப் போனில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை. நேரில் வந்து நின்றால் யாரோ கடைக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். வந்து ஒரு மாதம் கழித்து, தானாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வாப்பா, நாம ஒரு பூனை வளக்கலாமா?" என்று கேட்டாள். போனில் எத்தனையோ கேட்டிருக்கிறாள், வாட்ச், சாக்லேட், பேசுகிற பொம்மை. நேரில் கேட்டது இதுதான் முதல். யார் வீடு, யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மறுநாளே மீன் மார்க்கெட் பின்னால் ஐஸ்பெட்டிகளுக்கு நடுவில் கிடந்த சாம்பல் வரிக் குட்டி ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமி கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். என் மனைவியிடம் சொன்னார்.

"பூனை வச்சுக்கிறதுல குத்தமில்லம்மா. அது வாய் வச்ச தண்ணியிலகூட தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யலாம். ஆனா அதோட மூத்திரம் நஜீஸு. தொழுகுற எடத்துல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னு வச்சுக்க, எங்கன இருந்து வந்துச்சோ அங்கனயே கொண்டுபோயி விட்டுறச் சொல்லு ஒம் மாப்பிள்ளைய."

அசுத்தம் பட்ட இடத்தில் தொழக் கூடாது, சொன்னது நியாயம்தான். எங்கள் வீட்டில் தொழுகைக்கென்று தனி அறை கிடையாது. நீளமான ஒரே கூடம். அதன் மேற்குச் சுவரோரம் மாமி தொழுகைப் பாயான முசல்லாவை விரிப்பார். ஐந்து வேளையும் அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். பூனைக்கோ அதெல்லாம் தெரியாது. அன்றிலிருந்து நான் நாய் மாதிரி மூலை மூலையாக மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். மேசைக்கடியில், அரிசிச் சாக்கு ஓரத்தில், செருப்பு வைக்கிற இடத்தில். "என்னத்தைத் தேடுறீக மச்சான்?" என்று மனைவி கேட்பாள். "ஒண்ணுமில்ல, ஒரு ஸ்க்ரூ விழுந்துருச்சு" என்பேன். ஒரு மாதத்தில் எத்தனை ஸ்க்ரூதான் விழும்.

முதலில் மணல் பிரச்சினை. கடைகளில் இதற்கென்றே மண் விற்கிறார்களாம். கடற்கரையில் குடியிருந்துகொண்டு மண்ணை விலைக்கு வாங்கினால் ஊர் சிரிக்காதா? பைக்கில் போய் ஒரு சாக்கு அள்ளிவந்து பிளாஸ்டிக் பேசினில் கொட்டினேன். பூனை உள்ளே இறங்கியது, முகர்ந்தது, நாக்கை நீட்டி நக்க ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது, நான் அள்ளியது நெத்திலி காயப்போடுகிற இடத்து மணல். பூனைக்கு அது சாப்பாட்டுத் தட்டு. சாப்பிடுகிற தட்டில் யார் போவார்கள். பிறகு தள்ளிப் போய் வேறு மணல் அள்ளி, நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, மொட்டைமாடியில் காயவைத்துக் கொட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டது. இரண்டாவது சாக்கோடு வருகிறபோது எதிர்வீட்டுக்காரர், "என்ன மாப்ள, மாடி கட்டுறீகளா?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

பூனை வந்ததில் மாமிக்கு ஒரு வசதி கிடைத்தது. என்னிடம் சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்ல ஆரம்பித்தார். "ஏ பூனை, சும்மா படுத்தே கெடந்தா எப்புடி, வேல வெட்டி பாக்க வேணாமா?" என்பார். பூனை கண்ணைத் திறந்துகூடப் பார்க்காது. நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

வேலை என்ற சொல் காதில் விழுந்தாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சவுதியில் நான் ஒரு கம்பெனி ஆபீசில் ஸ்டோர் இன்சார்ஜ் என்று சொல்லித்தான் இந்த வீட்டில் பெண் கட்டினேன். சொன்னது நானில்லை, கல்யாணம் பேசியவர். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். உண்மையில் நான் ஒரு பெரிய மாலில் தரை துடைத்தேன். முதல் ஆறு வருடம் தரை. பிறகு கக்கூஸ். மேனேஜர் ரூமைத் துடைக்கும்போது அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து எடுத்த போட்டோ ஒன்று இந்த வீட்டு ஷோகேஸில் சட்டம் போட்டு நிற்கிறது. யாராவது விருந்தாளி வந்தால் மாமி அதைத் துடைத்து முன்னால் நகர்த்தி வைப்பார். வெளியே தெரிந்தால் இந்த வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சோறு தின்பேன் என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து என் பயம்.

பூனை வந்த இரண்டாவது மாதம் மாமி எச்சரித்தது நடந்தது. உச்சிப்புளிப் பக்கம் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. சில நாள் ஹெலிகாப்டர் தாழப் பறக்கும், அலமாரிப் பாத்திரமெல்லாம் அதிரும். எங்கள் ஊரில் கைக்குழந்தைகூட அதற்கு அழாது. பூனைக்குப் பழக்கமில்லை. சத்தம் கேட்டதும் கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓடி, மேற்குச் சுவரோரம் போய்ப் பதுங்கி, அங்கேயே பெய்துவிட்டது.

மணி பன்னிரண்டு. மனைவி நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மூன்று மணிக்குத்தான் வருவாள். மகளும் பள்ளியில். மாமி தன் அறைக்குள் ஓதிக்கொண்டிருந்தார். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து வருவார். பழைய லுங்கி ஒன்றை நனைத்துத் துடைத்தேன். ஈரம் போனது, நாற்றம் போகவில்லை. நாற்றம் மிச்சமிருந்தால் பூனை அதே இடத்தைத் தேடி மறுபடி வரும். வந்தது. அடுத்த வாரம் ஒரு தரம், அதற்கடுத்த வாரம் இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் எப்படியோ தப்பித்தேன். ஒரு நாள் மாமி முசல்லாவில் நின்று மூக்கை உறிஞ்சியபோது நான் ஊதுபத்தியைத் தேடி ஓடினேன்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ராமநாதபுரம் போய், மொத்தக் கடையில் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன். வீட்டுக்கு விற்கிற வெள்ளைப் பினாயில் இல்லை. பெரிய கட்டிடங்களுக்கு ஊற்றுகிற கெட்டி மருந்து. மாலில் நாங்கள் ஊற்றியதும் இந்த மாதிரிதான், மூடியைத் திறந்ததும் வாசத்திலேயே தெரிந்துவிட்டது. பிழிகிற வாளியும் நீளத் துடைப்பானும் சேர்த்து வாங்கினேன். எல்லாவற்றையும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மறைத்தேன்.

ஏன் மறைக்க வேண்டும், பூனை வளர்க்கிறவன் தரையைத் துடைத்தால் என்ன என்று கேட்கலாம். மாப்பிள்ளை துடைப்பத்தைத் தொட்டால் அது அந்த வீட்டுப் பெண்களுக்குக் கேவலம். "மாப்பிள்ளையக் கூட்ட விட்டுட்டு இவளுக என்ன பண்ணுறாளுக" என்று தெருவே பேசும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் துடைப்பதை ஒரு தரம் பார்த்தால் போதும், விஷயம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். ஸ்டோர் இன்சார்ஜ் யாரும் பின்பக்கமாக நடந்துகொண்டு, துடைப்பானைத் தூக்காமல், எட்டுப் போட்டு எட்டுப் போட்டு வாசல் வரைக்கும் வரமாட்டான். மாற்றித் துடைக்கவும் என் கைக்குத் தெரியாது.

ஆகவே தினமும் பதினொன்றரைக்கு மாமி ஓத உட்கார்ந்ததும் மாடிக்கு ஓடுவேன். வாளியை இறக்கி, கூடம் முழுக்கத் துடைத்து, பாங்குக்குள் வாளியை மேலே ஏற்றிவிடுவேன். மாலில் மருந்து போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு தரம் எடுப்போம். அதுதான் முறை. இங்கே இன்னொரு வாளி தூக்கிவர நேரமேது. மருந்தை அப்படியே காயவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, துடைக்கிற அந்த அரை மணி நேரம்தான் எனக்கு அந்த வீட்டில் சொந்த வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது. வாளி மேலே போனதும் பயம் திரும்பி வந்துவிடும்.

தரை மின்னியது. மனைவி, உம்மா துடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மாமி, தன் மகள் வேலைக்குப் போகுமுன் துடைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். நீ செய்வது சரியில்லை என்று மற்றவர் குத்திக்காட்டுவதாக இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் கடுப்பு. அதனால் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு நாள் மாமி பூனையிடம், "ஏ பூனை, தரை இருக்குற இருப்பப் பாத்தியா. கொஞ்ச நஞ்ச ஆளா நாங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. மூன்று வாரம் பூனை மேற்குச் சுவர்ப் பக்கம் போகவே இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் நாலைந்து தரம் போய்வந்தது. மறுபடி அதே இடம். குளித்து ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டிய அவசரம். மருந்தை வாளியில் சாய்த்த கை அளவே பார்க்கவில்லை. கூடம் காய்வதற்குள் நான் பள்ளிவாசலுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலையில் மகள் கத்தினாள். பூனை எழுந்து நிற்கப் பார்த்தது, பின்னங்கால் மடங்கியது. வாயோரம் எச்சில் கயிறாக ஒழுகியது. பாலை வைத்தால் நக்கப் போய், நாக்கு சுட்டதுபோல் தலையை இழுத்துக்கொண்டது. பாதங்களைத் திருப்பிப் பார்த்தேன், செக்கச் சிவந்திருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மாலில் கையுறை போடாமல் மருந்தைத் தொட்ட புதுப் பையன்களின் விரல் இப்படித்தான் சிவக்கும். பூனை அந்தத் தரையில் நடந்து நடந்து, காலை நக்கி நக்கி, மூன்று வாரமாக அந்த மருந்தைத் தின்றிருக்கிறது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பழைய காய்கறிக் கூடையில் துணி விரித்துப் பூனையை வைத்தோம். மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு மனைவி கூடையை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். ராமநாதபுரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், "எதையாச்சும் செத்த எலியத் தின்னுருக்குமா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "இருக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

வரிசையில் ஆடுகள்தான் அதிகம். எங்கள் முறை வந்தது. டாக்டர் ஒரு பெண், சிறு வயதுதான். வாயைத் திறந்து பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், முகர்ந்தார்.

"வீட்டுத் தரைக்கு என்ன போட்டுத் துடைக்கிறீங்க?"

"எப்பவாச்சும் பினாயில்தான், கொஞ்சமா" என்றாள் மனைவி. "எங்க உம்மாதான் துடைப்பாக."

"எந்தப் பினாயில்? வீட்டுக்கு விக்கிறதுல இப்படி வேகாதே. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளானு தெரியாம நான் எதை முறிக்கிறது? உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

மனைவி போனை எடுத்தாள். மாமியிடம் கேட்டால், "நான் துடைக்கவே இல்லையே" என்பார். பேச்சு வளரும், அதற்குள் பூனை போய்விடும். மேசைமேல் அது தலையைத் தூக்க முடியாமல் ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மெல்லச் சொன்னேன்.

"அவுக இல்ல டாக்டர். நான்தான் துடைச்சேன்."

மனைவி போனோடு நின்றாள்.

"கேன் மருந்து, கெட்டி. லிட்டருக்கு இருபது மில்லினு போட்டிருக்கும். நாத்தம் போகணும்னு அம்பது ஊத்துவேன். நேத்து எம்பதாவது இருக்கும். மூணு வாரமா தினமும். ஊறவிட்டு நல்ல தண்ணியில எடுக்கணும், அத நான் எடுக்கல. அப்படியே காயவிட்டுட்டேன்." மறுபடி வாங்குவதற்காகப் போனில் எடுத்து வைத்திருந்த கேனின் படத்தையும் நீட்டினேன்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். "இது பூனைக்கு ஆகவே ஆகாது. மனுசனுக்கு முறியும், பூனையோட ஈரலுக்கு இதை முறிக்கத் தெரியாது. இவ்வளவு கணக்காச் சொல்றீங்க, என்ன வேலை பாக்குறீங்க?"

மனைவியைப் பார்க்காமல், பூனையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சவுதியில க்ளீனிங். பன்னெண்டு வருசம்."

டாக்டருக்கு அது ஒரு தகவல். தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினார். சோப்புத் தண்ணீரில் காலையும் வயிற்றையும் கழுவச் சொன்னார், நான் கழுவினேன். ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். இரண்டு மணி நேரம் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மனைவி குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னென்ன கேட்பாள், எதற்கு என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாத்திட்டீகளே என்பாள். ஊருக்கு என்ன பதில் சொல்ல என்பாள். உம்மாகிட்ட எப்படிச் சொல்வேன் என்பாள். எல்லாவற்றுக்கும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். மதியம் பூனை தானாகத் தலையைத் தூக்கியது. "பொழச்சுக்கும். சொன்னதாலதான். நாளைக்கும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

திரும்பும்போது மனைவி கூடையோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஊர் தாண்டி, இரண்டு பக்கமும் கருவேலங்காடு வந்ததும் பேசினாள். சத்தம் போடவில்லை.

"தரை துடைக்கிறது ஒங்களுக்கு அம்புட்டு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"போன தடவைக்கு முந்தின லீவுல வந்தீகளே. அப்ப எனக்கு இடுப்பு டிஸ்க் வெலகி, பெல்ட் போட்டுக்கிட்டு துடைச்சேன். கட்டில்ல படுத்துக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தீக. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நன்றாகவே இருந்தது. அவள் அழுக்குத் தண்ணீரிலேயே திரும்பத் திரும்ப முக்கி, குனிந்து, சுவரைப் பிடித்து நிமிர்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். என் கை பரபரத்தது. எழுந்து வாங்கிவிடுவேனோ என்று பயந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். லீவு நாற்பது நாளும் அப்படித்தான் திரும்பிப் படுத்தேன்.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன். தயார் செய்து வைத்திருந்த பதில்களில் இது இல்லை.

"ஒங்களுக்கு வெக்கம்" என்றாள். "அதுக்கு வலி எனக்கா?"

பூனை பிழைத்துவிட்டது. மாமிக்கும் விஷயம் தெரிந்து, ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, சரியாகிவிட்டார். நான் இத்தனை வருடம் பயந்த கேவலம் அந்த ஒரு வாரத்தோடு முடிந்துபோனது. மனைவி கேட்ட கேள்வி மட்டும் முடியவில்லை. இப்போது கூடத்தை நான்தான் துடைக்கிறேன், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறும் தண்ணீரில். அவள் பார்த்துவிட்டு அடுப்படி வேலைக்குப் போகிறாள். குனிந்து நிமிரும்போது அவள் இன்னும் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.